கேட்டவர்க்கெல்லாம் திறக்கும் பெட்டி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

இது கணிப்பொறி யுகம் என்று பெருமையுடன் பேசுகிறோம். பாலக்கோட்டு மண்டியில் இன்று தக்காளி என்ன விலை என்பதை வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே அறிந்து கொள்கிறோம். நன்று. ஆனால், நம்மைப் பற்றிய செய்திகளை யார் யார் எந்தத் திண்ணையில் அமர்ந்து அறிந்து கொள்கிறார்கள் என்று நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் என்னிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன் நான். ஏனெனில் நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைக்காமல் இங்கு எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். அப்பா மண்டியில் சுமை தூக்குபவர். எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. என் மதிப்பெண் சான்றிதழ்களும், சாதிச் சான்றிதழும், குடும்ப அட்டையும் அதற்குள்தான் இருக்கின்றன. சாவி அம்மாவின் சுருக்குப்பையில். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, பெட்டியைத் திறக்கச் சொன்னால் இரண்டு கேள்விகள் கேட்பார்: "யாருடா கேக்கறாங்க? எதுக்குக் கேக்கறாங்க?" நானே கேட்டாலும் இரண்டாவது கேள்வி உண்டு. அப்போதெல்லாம் எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

சென்ற ஆண்டு, வேறொரு மாவட்டத்தில் பயிலும் என் சித்தி மகள் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தாள். விடுமுறைக்கு அவள் வந்திருந்த மலையோரக் கிராமத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது அரிது. மேட்டில் ஏறி நின்று, "பார்த்துச் சொல்லுண்ணா" என்று பதிவெண்ணை அனுப்பினாள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். முடிவுப் பக்கம் பதிவெண் ஒன்றை மட்டுமே கேட்டது. அவள் தேர்ச்சி பெற்றிருந்தாள். அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

விளையாட்டாகக் கடைசி இலக்கத்தை மாற்றிப் பார்த்தேன். வேறொரு மாணவியின் பெயரும் மதிப்பெண்களும் வந்தன. அப்பக்கம் எந்த முகவரியிலிருந்து செய்தியைப் பெறுகிறது என்று கண்டுபிடித்து, பைத்தானில் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். ஒரு நிமிடத்திற்குள் 64 பேரின் விவரங்கள் வரிசையாக வந்து விழுந்தன. என் திறமையை எனக்கே மெச்சத் தோன்றியது. பட்டியலைத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது எங்கெங்கோ சென்றது.

அந்த 64 பேரில் ஒரு மாணவி இரண்டு பாடங்களில் தோல்வியுற்றிருந்தாள். அதை அவள் அறியுமுன் அவளுடைய உறவினர் அறிந்தனர். "படித்துக் கிழித்தது போதும், மாப்பிள்ளை பார்ப்போம்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. இரண்டு மாதம் அவள் கல்லூரிக்கு வரவில்லை. பேராசிரியை ஒருவர் வீடு தேடிச் சென்று பெற்றோரிடம் பேசிய பின்னரே வந்தாள். அடுத்த தேர்வில் இரண்டு பாடங்களையும் எழுதித் தேறிவிட்டாள். அவளாகவே தக்க நேரம் பார்த்து வீட்டில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு செய்தியை, முகம் தெரியாத நான் ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

இதன் நுட்பத்தைச் சற்றுக் காண்போம். கல்வி நிறுவனங்களின் மாணவர் பதிவேடுகள் இன்று கணிப்பொறியில் உள்ளன. ஒரு செயலியோ இணையப் பக்கமோ அப்பதிவேட்டிலிருந்து செய்தி கேட்டுப் பெறும் வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அலுவலகச் சன்னலை நினைத்துக் கொள்ளுங்கள். வெளியே நிற்பவர் சீட்டில் எண்ணை எழுதி நீட்டுகிறார். உள்ளே இருப்பவர் பதிவேட்டைப் பார்த்து விடையை எழுதித் தருகிறார். விடையுடன் மூன்று இலக்க எண் ஒன்றும் வருவது இணையத்தின் மரபு. 200 என்றால் 'இந்தா, பெற்றுக்கொள்'. 404 என்றால் 'அப்படி ஒன்று இங்கில்லை'. 401 என்றால் 'நீ யார் என்று முதலில் தெரிவி'. 403 என்றால் 'இதைக் காண உனக்கு உரிமையில்லை'.

என் நிரலுக்கு 64 முறையும் 200 என்ற விடையே கிடைத்தது. 401 ஒரு முறையும் வரவில்லை. 403 ஒரு முறையும் வரவில்லை. எங்கள் அம்மா தகரப்பெட்டியின் அருகில் நின்று கேட்கும் இரண்டு கேள்விகளும் இவைதாமே! பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்குத் தெரிந்தது, படித்தவர்கள் அமைத்த அந்தப் பக்கத்திற்குத் தெரியவில்லை. அதை உடைத்துப் பார்த்த எனக்கும் தெரியவில்லை.

இக்குறை அந்த ஓரிடத்திற்கு மட்டும் உரியதன்று. இணையப் பாதுகாப்புக்கென இயங்கும் ஓவாஸ்ப் என்னும் பன்னாட்டு அமைப்பு, ஏ.பி.ஐ.களில் காணப்படும் பத்துப் பெருங்குறைகளைப் பட்டியலிட்டுள்ளது. 2019 பட்டியலிலும் 2023 பட்டியலிலும் முதலிடம் ஒரே குறைக்குத்தான்: கேட்பவருக்கு அந்தக் குறிப்பிட்ட பதிவைக் காணும் உரிமை உண்டா என்று சோதிக்காமல் விடுவது.

"தேர்வு முடிவில் என்ன இரகசியம்? அந்தக் காலத்தில் செய்தித்தாளிலேயே போட்டார்களே!" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால், அன்று அச்சில் வந்தவை தேர்ச்சி பெற்றோரின் எண்கள். பெயரும், பாடவாரியான மதிப்பெண்களும் சேர்ந்து வரவில்லை. வேறு சிலர், "பூட்டுகளை அதிகமாக்கினால் பிரவுசிங் சென்டரை நம்பியிருக்கும் ஏழை மாணவர்தாம் துன்புறுவர்" என்பர். இதை நான் தள்ளிவிட மாட்டேன். எங்கள் ஊரில் பலருடைய பதிவில் இருக்கும் கைபேசி எண் சென்டர்காரருடையது. கடவுச்சொல் அங்கே போனால் நமக்கு என்ன பயன்? எனவே பூட்டும் வேண்டும்; நம் சாவி நம்மிடமே இருக்க வழியும் வேண்டும். சேரும் நாளன்றே மாணவரின் சொந்த எண்ணைப் பதிவதும், எண் மாறினால் கல்லூரி அலுவலகத்திலேயே திருத்திக் கொள்ள வகை செய்வதும் ஆகாத காரியங்கள் அல்ல.

நல்ல வழிக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 2015 இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில், நம் சான்றிதழை வேறொரு நிறுவனம் கேட்டால் நம் ஒப்புதலைப் பெற்றே பெறவேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அமெரிக்காவில் மாணவர் பதிவேடுகளுக்கென்றே 1974 இல் சட்டம் வந்துவிட்டது. நம் மதிப்பெண் நம் உடைமை என்னும் எண்ணம் உலகில் வேரூன்றி அரை நூற்றாண்டு ஆகிறது.

நான் செய்ததற்கு, 'கதவு திறந்துதானே இருந்தது' என்பது சமாதானம் ஆகாது. திறந்த வீட்டில் நுழைவதும் நுழைவதுதான். இத்தகைய குறையைக் காண்பவர் முறையிட வேண்டிய இடங்கள் உண்டு. ஒன்று அந்த நிறுவனம். மற்றொன்று 2004 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு. வாட்ஸ்அப் குழு அந்த இடமன்று. காலம் தாழ்ந்தேனும், ஆசிரியர் ஒருவரின் துணையுடன் அந்நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினேன். இப்பொழுது அப்பக்கம் பிறந்த தேதியையும் கேட்கிறது. வகுப்பில் அனைவருக்கும் தெரிந்த பிறந்த தேதி வலுவான பூட்டு அன்று. எனினும் அது ஒரு தொடக்கம்.

நண்பர்களே! நம் ஆய்வகத்திலும் வருகைப் பதிவு, உள்மதிப்பீட்டு மதிப்பெண் என்று சிறு சிறு நிரல்களை எழுதுகிறோம். எண்ணைத் தட்டினால் விவரம் வந்துவிட வேண்டும் என்பதே நம் குறிக்கோளாக இருக்கிறது. வந்தவுடன் கைதட்டி மகிழ்கிறோம். இனி அந்நிரல்களில் 200 எழுதுமுன் 401 ஐயும் 403 ஐயும் எழுதுவோம். ஒரே இடத்திலிருந்து ஒரு நிமிடத்தில் அறுபது முறை கேட்டால் மறுக்கவும், யார் எப்போது பார்த்தார்கள் என்று குறித்து வைக்கவும் கற்போம். செய்முறைத் தேர்வில் இவற்றுக்கும் மதிப்பெண் வழங்குமாறு ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நாளை ஏதேனும் ஓர் அலுவலகத்தில், ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பதிவேடுகளுக்கு நாமே காவலாக அமரக்கூடும். அன்று ஒரு வேண்டுகோள் வந்து நிற்கும்போது, எங்கள் அம்மா கேட்பதையே நாமும் கேட்போம்: யார் கேட்கிறார்கள்? எதற்குக் கேட்கிறார்கள்?