மூன்றாம் நாள் காலையில் யாரைக் கேட்பது?

மதிப்பிற்குரிய விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் உங்களுக்கு இதை எழுதுகிறேன். காவல் துறை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, மருத்துவத் துறை எல்லாம் ஒரே மேசையில் உட்காரும் இடம் அந்தக் குழு. அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு அவர் குடும்பம் படும் பாட்டையும் அந்த மேசையில் பேச வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

திட்டம் இல்லை என்று குறை சொல்ல வரவில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவரே ஆனாலும், முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 162ஆம் பிரிவைச் செயல்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 8 அன்று ஒன்றிய அரசுக்குக் கெடு வைத்தது. அந்த ஆண்டு மே மாதம் அறிவிக்கை வந்தது: விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லா சிகிச்சை. இவை பல உயிர்களைக் காத்திருக்கின்றன, இனியும் காக்கும்.

என் அக்கா மகனையும் அப்படித்தான் காத்தார்கள். நண்பனின் காரில் பின்சீட்டில் இருந்தான். பின்னால் வந்த லாரி உரசியதில் கார் நிலைதடுமாறிச் சாலை நடுவிலிருந்த தடுப்பில் மோதியது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. 108 வந்து, அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தது. இரண்டு நாள் ஒரு பைசா கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை பில்லிங் கவுன்ட்டரிலிருந்து அழைப்பு வந்தது. ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள்.

48 மணி நேரம் முடிந்துவிட்டது என்பதே அப்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் தொடரலாம், இல்லையென்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டு போகலாம் என்று முந்தின நாளே எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. ஒன்றிய அரசின் 7 நாள் திட்டத்தில் அந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அக்கா கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொடுத்தனுப்பினார். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பலகையும், இரண்டாம் நாளே வந்து பேசும் ஒரு உதவியாளரும் இருந்திருந்தால் அந்த நகை வீட்டில் இருந்திருக்கும்.

அதைவிடப் பெரிய இழப்பு முதல் பத்து நிமிடத்திலேயே நடந்துவிட்டது. அவசரப் பிரிவில் பணி மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் காகிதத்தில், ‘எப்படி நடந்தது’ என்று ஒரு வரி உண்டு. அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார். கூட வந்தவர் சொல்வதுதான் அந்த வரி. அவனைக் கொண்டுவந்தவர்களுக்கு லாரியைப் பற்றி எதுவும் தெரியாது. ‘கார் தானாகத் தடுப்பில் மோதியது’ என்று பதிவாகிவிட்டது.

இந்த ஒரு வரியின் கனம் வழக்காடியவர்களுக்குத் தெரியும். லாரியின் காப்பீட்டு நிறுவனம் அதை எடுத்துக் காட்டி, எங்கள் வண்டிக்குச் சம்பந்தமே இல்லை என்கிறது. நண்பனின் காருக்கு இருந்ததோ சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அதில் தனியார் காரில் உடன் பயணம் செய்கிறவருக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால்தான் உண்டு. நம் ஊரில் காரில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் இதை அறிந்து ஏறுகிறார்கள்? ஆக, இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது. அதே பதிவேட்டில் எழுதப்படும் ‘மது வாடை’ என்ற குறிப்பும் இப்படித்தான். ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யாமல் எழுதப்படும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சொந்த மருத்துவக் காப்பீட்டைக்கூட மறுக்கிறார்கள்.

மருத்துவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ரத்தம் வழிகிறவரைப் பார்ப்பாரா, விசாரணை நடத்துவாரா? தகவல் சொன்னவர் யார், அவர் விபத்தை நேரில் பார்த்தவரா என்று அந்த வரியோடு சேர்த்து எழுதினாலே போதும், அதன் எடை எவ்வளவு என்று மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும். நினைவு திரும்பியதும் அடிபட்டவரிடம் காவலர் வாக்குமூலம் வாங்க வேண்டும். சுங்கச்சாவடிக் கேமராப் பதிவை அழியும் முன் கேட்டு வாங்க வேண்டும்.

காவல் துறைக்கு விதி தெளிவாகவே இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும். 10 நாளுக்குள், அடிபட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் 2 அவர் கைக்கு வர வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. படிவம் 2 என்று ஒன்று இருப்பதே அக்கா வீட்டாருக்கு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு முன்பே, வார்டு வராந்தாவில் வழக்குப் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவர் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டு நின்றுவிட்டுப் போயிருந்தார். அரசின் காகிதம் வந்துசேராத இடத்தில் இத்தகைய ஏஜென்ட்கள்தான் முதலில் வருகிறார்கள்.

பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடை மெஷினில் கிழித்துக் கொடுக்கிற வழவழப்பான ரசீதை அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். சில மாதத்தில் எழுத்து மங்கி, கடைப் பெயர் மட்டும் நிழலாய்த் தெரிந்தது. வழக்கு நடக்கிற ஆண்டுகளுக்கு அந்தக் காகிதம் தாங்காது. இது போதாதென்று, சொந்த மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவரிடம் அந்த நிறுவனம் அசல் பில் கேட்கும். தீர்ப்பாயமும் அசலைத்தான் கேட்கும். டிஸ்சார்ஜ் அன்றே, மருந்து வாரியாக அச்சடித்து முத்திரையிட்ட பில் இரண்டு செட் தரச் சொல்லி மருத்துவமனைகளுக்கு நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

மோதிய வண்டி நிற்காமல் போன வழக்குகளில் உங்கள் பொறுப்பு இன்னும் நேரடியானது. இறந்தால் 2 லட்சம், படுகாயம் என்றால் 50,000 ரூபாய் தரச் சொல்கிறது 2022ஆம் ஆண்டுத் திட்டம். வட்டாட்சியர் நிலையில் விசாரித்து அனுப்பினால், அதற்கு ஒப்புதல் தரும் ஆணையர் நீங்கள்தான். விண்ணப்பமே வரவில்லை என்றால், அந்தக் குடும்பங்களுக்கு விஷயம் எட்டவில்லை என்றே கொள்ளுங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலிருந்தும் அத்தகைய வழக்குகளின் பட்டியலை வரவழைத்து, அவர்களை நீங்களே தேடிப் போகலாம்.

சென்னை–திருச்சி சாலை நம் மாவட்டத்தின் குறுக்கே ஓடுகிறது. இன்று இரவும் 108 யாரையோ ஏற்றிக்கொண்டு வரும். அடுத்த குழுக் கூட்டத்தில் மருத்துவமனை உதவி மேசை, ஏ.ஆர். பதிவு, படிவம் 2, இரண்டு செட் பில் ஆகிய நான்கையும் முதல் பொருளாக எடுத்துக்கொண்டு, எந்தத் தேதிக்குள் நடக்கும் என்று அறிவிக்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துக் குடிமகன்