‘2’ என்று பெயர் வைத்தது குற்றமா?



மும்பையின் குர்லா நேரு நகரிலிருந்தும் தாராவியிலிருந்தும் நம் இளம் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் வழக்கமாக சினிமாவும் கிரிக்கெட்டும்தான் இருக்கும். நிண்டெண்டோ நிறுவனம் ‘ஸ்விட்ச் 2’ கேம் கருவியை அறிமுகப்படுத்தியதிலிருந்து அதைப் பற்றியும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் கோபம்தான். பழசையே கொஞ்சம் பெரிசாக்கி, பக்கத்தில் ஒரு 2 போட்டு விற்கப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். 2025 ஜனவரி 16-ம் தேதி ஒரு சின்ன விளம்பரப் படம் வந்தது. அன்றைக்கே உலகம் முழுக்கப் பலர் இப்படித்தான் தீர்ப்பு எழுதினார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

முதலில் அந்த ‘2’. இதே நிறுவனம் ‘வீ’ என்ற கருவியை விற்றுக் குவித்த பிறகு, 2011-ல் அடுத்ததை அறிமுகப்படுத்தி ‘வீ யூ’ என்று பெயர் வைத்தது. அது புதுக் கருவியா, பழையதோடு இணைக்கும் உதிரிப் பொருளா என்று வாங்குகிறவர்களுக்கே விளங்கவில்லை. மொத்தமே ஒன்றரைக் கோடிக்கும் குறைவாகத்தான் விற்றது. அன்றைக்கு எழுந்த விமர்சனம் நியாயமானது. நிறுவனம் அதைக் காதில் வாங்கிக்கொண்டது. இன்றைக்கு ஓர் அப்பா பிள்ளைக்காகக் கடைக்குப் போய், எது பழசு, எது புதுசு என்று யாரிடமும் கேட்காமல் வாங்கலாம். அவருக்காக வைத்த பெயரைக் கற்பனை வறட்சி என்று ஏசுவது எப்படிச் சரியாகும்?

அடுத்த குற்றச்சாட்டு, ‘புதுசாக ஒன்றுமே இல்லை’ என்பது. திரை 6.2 அங்குலத்திலிருந்து 7.9 அங்குலமாகியிருக்கிறது. உள்சேமிப்பு 32 ஜிபி-யிலிருந்து 256 ஜிபி. பக்கவாட்டுக் கைப்பிடிகள் காந்தத்தால் ஒட்டிக்கொள்கின்றன. கழற்றி மேஜைமேல் வைத்தால் மவுஸ் போல வேலை செய்கின்றன. இவையெல்லாம் இருக்கட்டும். என் மனதுக்குப் பிடித்தது வேறு: பழைய ஸ்விட்ச்சுக்கு வாங்கிய கேம்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடும். எங்கள் பகுதிப் பையன்கள் கேமைப் புதிதாக வாங்குவது அபூர்வம். ஒருவன் விளையாடி முடித்ததை இன்னொருவன் பாதி விலைக்கு எடுப்பான். நாலு பேர் காசு போட்டு ஒன்று வாங்கி, முறைவைத்து விளையாடுவார்கள். சின்னஞ்சிறிய அந்தக் கேம் கார்ட்ரிட்ஜைப் பழைய பென்சில் டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய், ‘புதுமை வேண்டும், ஆகவே அதையெல்லாம் தூக்கிப் போடு’ என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவர்கள் பழைய ஸ்விட்ச்சுக்கு வாங்கியவற்றில், கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் ‘வெண்பா’ போன்ற ஒரு கேமும் இருக்கலாம். 2023-ல் வந்தது. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி அவிப்பதில் தொடங்கும். நம் வீட்டு அடுப்படி கேம் கருவிக்குள் வந்து இரண்டே வருஷத்தில் அது ஓடாமல் போனால் யாருக்கு நஷ்டம்?

‘பழைய அமைப்பையே வைத்திருக்கிறார்கள்’ என்பவர்கள் குர்லாவின் சால் வீடுகளுக்குள் ஒருமுறை வந்து பார்க்கட்டும். பத்துக்குப் பத்து அறை, ஒரே டிவி. சாயங்காலம் ஏழு மணியானால் அது ஆச்சியின் சீரியலுக்கு. “ஆச்சி, பத்து நிமிஷம்” என்று பேரன் கெஞ்சினால், “போலே, அப்புறமா பாப்போம்” என்று பதில் வரும். டிவியில் மாட்டினால் மட்டுமே ஓடும் கருவி அந்த வீட்டில் காட்சிப் பொருள்தான். டிவியிலும் ஓடும், கையிலும் ஓடும் என்ற அமைப்பு இருப்பதால்தான் அக்காவும் தம்பியும் கட்டிலின் மூலையில் ஆளுக்கொரு கைப்பிடியோடு உட்கார முடிகிறது. ஊருக்குப் போகும்போது லோக்மான்ய திலக் டெர்மினஸில் கோயம்புத்தூர் ரயில் ஏறினால், ஒரு நாளுக்கும் மேற்பட்ட பயணத்தில் அது கூடவே வருகிறது. இதை மாற்றாமல் விட்டதற்கு நான் நன்றிதான் சொல்வேன்.

வெளியான அன்றே ஏளனம் கேட்டு, பிறகு ஜெயித்த கதை இந்த நிறுவனத்துக்குப் பழக்கம்தான். 1989-ல் வந்த ‘கேம் பாய்’க்கு வண்ணத் திரை கிடையாது, வெளிச்சமும் இல்லாத பச்சை மங்கல் திரை. அடுத்தடுத்து வந்த போட்டிக் கருவிகள் வண்ணத்தில் ஜொலித்தன. ஆனால் அவை ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயோ நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அதை உருவாக்கிய குன்பெய் யோகோய், விலை மலிந்து நன்றாகப் பழகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருந்தவர். கேம் பாயும் அதன் பிறகு வந்த வண்ணக் கருவியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

விலை விஷயத்தில் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 2025 ஏப்ரல் 2-ம் தேதி அமெரிக்க விலை 449.99 டாலர் என்று அறிவித்தார்கள். 2017-ல் முதல் ஸ்விட்ச் 299.99-க்கு வந்தது. அடுத்து நிறுவனம் நடத்திய நேரலையின் கருத்துப் பகுதி முழுக்க ‘விலையைக் குறை’ என்ற கூக்குரல்தான். ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ என்ற ஒரே கேமுக்கு 79.99 டாலர் என்பது எனக்கும் உறுத்துகிறது. உள்ளே கேமே இல்லாமல், டவுன்லோடுக்குச் சாவியாக மட்டும் இருக்கும் கார்டுகளும் அப்படியே. பேட்டரியும் போதாது. இவற்றைச் சொல்லித் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். விலைமேல் உள்ள கோபத்தில் கருவியையே குப்பை என்பதைத்தான் மறுக்கிறேன். ஜூன் 5-ல் கடைக்கு வந்து நாலே நாளில் 35 லட்சம் கருவிகளை மக்கள் வாங்கியிருக்கிறார்கள்.

நம் ஊரிலிருந்து எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை ஒரு கடிதத்திலும் காணவில்லை. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வெளியான நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் இறக்குமதி வியாபாரி சொன்ன விலை. கைப்பிடி பழுதானால் வாரண்டி கிடையாது. தெரிந்த மொபைல் ரிப்பேர்க் கடைக்காரரின் கைராசியை நம்ப வேண்டியதுதான். இத்தனை கோடிப் பிள்ளைகள் விளையாடும் நாட்டில் முறையாக விற்கவும் பழுது பார்க்கவும் நிண்டெண்டோவுக்கு என்ன தயக்கம்? இதைக் கேட்டு எழுதுங்கள், முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்