உறைபனியும் ஏழு பேர்ச்சஸும்

தை, மாசி மாதங்களில், 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் உறைபனி விழும். வெயில் ஏறியதும் பயிர் கருகிவிடும். லயங்களின் பின்புறம் லீக்ஸும் கோவாவும் உருளைக்கிழங்கும் வைத்திருப்போர் மாலையிலேயே பாத்திகளைச் சாக்கால் மூடுவதையும், சூரியன் எழுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். கோழிக்கூட்டுக்கும் ஒரு சாக்கு உண்டு. குஞ்சுகளுக்கு அடுப்பங்கரையில் இடம். கூட்டில் சேரும் எரு பாத்திக்கே போகிறது. இத்தனையும் கொழுந்தெடுக்கப் போகுமுன் முடிய வேண்டிய வேலைகள்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கினார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஊக்குவிப்புத் தேவையில்லை; பயிர் வளர்க்க அவருக்குத் தெரியும். அவர் கொத்தும் மண்தான் அவருடையதன்று. பெரும்பாலும் அது கம்பனி குத்தகைக்கு எடுத்த அரச காணி. ஆகவே ஒரு போகத்தில் பிடுங்கக்கூடியதையே நடுகிறார். பேரிக்காய் மரம் வைக்க யாருக்குத் துணிவு வரும்?

வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்றார்கள். அது ஏறத்தாழ 1,905 சதுர அடி. இந்திய உதவித் திட்டத்து வீடு 550 சதுர அடி. மலைச்சரிவு, வடிகால், படிக்கட்டு, மலக்குழி போக எத்தனை பாத்தி மிஞ்சும்?

காணி அளக்கும்போது பாத்தியையும் கோழிக்கூட்டையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அத்துடன் காணி உறுதி அந்தக் குடும்பத்தின் கைக்கு வர வேண்டும். வீடு மட்டும் போதாது.