முடியாது என்றனர் முதலாளிகள்!



"எத்தகைய கார்கள்! எப்படிப் பாய்ந்தன! சட்டம் வந்தது, வேங்கைகள் பூனைகளாயின!" அமெரிக்க மோட்டார்களின் பழம்பெருமை பேசுவோர் இப்படித்தான் ஒப்பாரி வைக்கின்றனர். கணக்கும் காட்டுகின்றனர். 1970-இல் காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எந்திரத்துக்கு 400 குதிரைத்திறன். 1976-இல் வெறும் 190!

கண்ணீர் சிந்துமுன் ஒன்று கேளீர். இடையில், 1972-இல், அளவுகோலே மாறிவிட்டது. எந்திரத்தைத் தனியே வைத்துச் சோதித்த முறை போய், வண்டியில் உள்ளபடி துணைக்கருவிகளோடு அளக்கும் முறை வந்தது. மரக்காலை மாற்றிவிட்டு நெல் குறைந்ததென்று மாரடிப்பதா? மீதிக் குறைவு உண்மைதான்; மறுப்பாரில்லை.

சட்டம் ஏன் வந்தது? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணை எரித்து நெஞ்சை அடைத்த புகைமூட்டம், வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் கக்கிய நச்சு கதிரொளியில் வெந்து பிறந்ததென்று 1950-களிலேயே எடுத்துக்காட்டினார் ஆரி ஹாகன்-ஸ்மித் எனும் அறிஞர். டெட்ராய்ட் சீமான்கள் செய்ததென்ன? புகையடக்கும் கருவி வளரவொட்டாமல் கூடிச் சதி செய்தனரென, நான்கு பெரு நிறுவனங்கள் மீதும் 1969-இல் அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது! விசாரணை நடக்கவில்லை. குற்றத்தை ஒப்பாமலே, இனிச் செய்யோமென்று கையொப்பமிட்டு அதே ஆண்டில் நழுவினர்.

1970-இல் செனட் சபை, எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இன்றி, 73 வாக்குகளால் தூயகாற்றுச் சட்டத்தை ஏற்றது. 1975-க்குள் கார்பன் மோனாக்சைடு நச்சில் 90 விழுக்காடு குறையவேண்டும் என்றது சட்டம். முடியவே முடியாது என்றனர் முதலாளிகள். தவணை கேட்டனர், 1973-இல் ஓராண்டு பெற்றும் விட்டனர்.

நாடகத்தின் நல்ல காட்சி இனித்தான்! கார் செய்யத் தொடங்கிப் பத்தாண்டே ஆன ஜப்பானிய ஹோண்டா நிறுவனம், எந்திர அறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றறை அமைத்தது. அங்கே செறிந்த கலவை முதலில் பற்றும். அச்சுடர் பாய்ந்து பெரிய அறையின் மெலிந்த கலவையை நிறைவாக எரிக்கும். சின்னஞ்சிறு வண்டிக்குத்தானே இது என்ற ஏளனம் எழுந்தது. ஹோண்டா, 1973-ஆம் ஆண்டின் செவ்ரோலே இம்பாலாவையே, 5.7 லிட்டர் எட்டு உருளை எந்திரத்தோடு வாங்கியது. அதில் தன் முறையைப் பொருத்தி, டெட்ராய்ட்டின் அண்டை ஊரான ஆன் ஆர்பரில் உள்ள அரசாங்கச் சோதனைக் கூடத்தில் நிறுத்தியது. 1975-க்கென விதித்த கார்பன் மோனாக்சைடு அளவைத் தாண்டாமல் தேறியது, டெட்ராய்ட்டின் சொந்தப் பிள்ளை!

அந்நாளைய அமெரிக்க வண்டிகள் குளிர்காலையில் இருமி நின்றது மெய். பழைய எந்திரத்தின் மேல் குழாய்களைச் சுற்றி ஒட்டுப்போட்டவன் கைவேலை அது. சட்டத்தின் மீது பழியேன்?

1975 மாதிரிகளில் வினையூக்கிப் பெட்டி வந்தது. ஈயம் பட்டால் அது பாழாகும். எனவே ஈயமற்ற பெட்ரோல் விற்க நேர்ந்தது. எல்டொராடோவின் 400, 190 என்ற எண்களுக்கருகே எழுதிக்கொள்ள இன்னோர் எண்ணும் உண்டு: 1976-க்கும் 1980-க்கும் இடையே அமெரிக்க மக்களின் குருதியில் ஓடிய ஈயத்தின் சராசரி அளவு ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்தது.