இனாம் வாங்குவது யார்? வரி கட்டுவது யார்?

பட்ஜெட் காலம் வந்துவிட்டால் போதும், முதலாளிகளின் சங்கங்களிலிருந்து ஒரு கூப்பாடு கிளம்பிவிடும். “ராஜ்ய சர்க்கார் தாங்க முடியாத செலவு செய்கிறது. இலவச அரிசி, இலவச பஸ், இலவசச் சாப்பாடு என்று அள்ளி விடுகிறது. வரி கட்டுகிறவன் பணம் வரி கட்டாதவனுக்குப் போகிறது!” அவர்களுடைய பத்திரிகைகள் இதைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்கும். 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் புந்தேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்து வைத்த பிரதம மந்திரி மோடி, மிட்டாய் கொடுத்து ஓட்டு வாங்கும் கலாசாரம் என்று இதைப் பரிகசித்தார்.

தோழர்களே! இந்தக் கனவான்களிடம் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். வரி கட்டாதவன் யார்?

கோவையில் ஷிப்டு முடிந்து மில்லை விட்டு வெளியே வரும் தொழிலாளி சோப்பு வாங்கினால் வரி. செருப்பு வாங்கினால் வரி. நாகை வட்டாரத்தில் நடவு நட்டுவிட்டுக் கரையேறும் கூலிப் பெண் கால் லிட்டர் எண்ணெய் வாங்கினால் அதற்கும் வரி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் மாவுக்கும்கூட 5 சதவிகிதம் விதித்தார்கள். செல்போனுக்கு 100 ரூபாய் போட்டால், அதில் 15 ரூபாய் வரியாகப் போகிறது. பங்களாவில் இருப்பவனும் அதே 15 ரூபாய்தான் கட்டுகிறான். அவனுக்கு அது கால் தூசு. இவளுக்கோ அது வயிற்றுப்பாடு!

வருமான வரி ஆபீஸ் வாசலை இவள் மிதித்ததில்லை. அதனால் வரி கட்டாதவள் என்று முத்திரை குத்திவிட்டார்கள். கடைக்காரனிடம் கட்டினாலும் வரி வரிதான். ரேஷன் அரிசியாகவும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் போடும் சோறாகவும் அவளுக்குத் திரும்பி வருவது அவள் பணத்தில் ஒரு பங்கு. இதற்குப் பெயர் இனாமா?

இந்த விற்பனை வரி எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்ப்போம். 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி மந்திரி சபை, கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் சென்னை ராஜதானியில் பொது விற்பனை வரிச் சட்டம் போட்டது. மது வருமானத்தை விட்டு விற்பனை வரிக்கு வந்தார்கள். இன்று நடப்பது என்ன? விற்பனை வரி அதிகாரத்தில் பெரும்பகுதி 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. என்ற பெயரில் ராஜ்யத்தின் கையை விட்டுப் போய்விட்டது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எந்தத் தீர்மானமும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு ஓட்டு டெல்லியின் சட்டைப்பையில் இருக்கிறது. எல்லா ராஜ்யங்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் டெல்லி தலையசைக்காமல் ஒரு துரும்பும் நகராது.

ராஜ்யத்தின் கையில் மிச்சமிருப்பவற்றில் முக்கியமானவை மதுபானம், பெட்ரோல், பத்திரப் பதிவு, வாகன வரி. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்! அதாவது, தொழிலாளியின் கூலியைக் கடையில் பறித்து, அவன் மனைவிக்கு உதவித் தொகை என்று கொடுக்கிறார்கள். ராஜ்யத்தை ஆண்ட சர்க்கார்கள் இந்தப் பழிக்குத் தப்ப முடியாது. டெல்லியோடு மோதுவதைவிடக் குடிசையில் கை வைப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

டெல்லியின் கைவரிசையையும் பாருங்கள். 2021-ல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய சர்க்கார் 32 ரூபாய் 90 காசு வாங்கியது. அதில் ராஜ்யங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு! மீதி முழுவதும் செஸ், சர்சார்ஜ் போன்ற பெயர்களில் டெல்லிக்கே போயிற்று.

சரி, பணக்காரனுக்கு என்ன செய்தார்கள்? 1953-ல் வந்த எஸ்டேட் வரியை 1985-ல் எடுத்தார்கள். 1957-ல் வந்த சொத்து வரியை 2015-ல் எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30-லிருந்து 22 சதவிகிதமாக வெட்டினார்கள். புதிய ஆலைகளுக்கு 15 சதவிகிதம் போதும் என்றார்கள். இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே அறிவித்தார். இனாம் என்றால் இதுவல்லவா இனாம்! இதை மட்டும் ஊக்கம் என்று அழைக்கிறார்கள்.

“லாபம் பெருகினால் வேலை பெருகும்” என்று நமக்குப் பாடம் சொல்கிறார்கள். மத்திய சர்க்காரின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை என்ன சொல்கிறது? 2023-24-ல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவிகிதம் ஏறியது. வேலை ஏறியது 1.5 சதவிகிதம்! லாபம் குதிரையில் போகிறது, வேலை நொண்டிக்கொண்டு பின்னால் வருகிறது.

கடனைக் காட்டியும் நம்மைப் பயமுறுத்துகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சர்க்கார் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றது. எந்தக் குடும்பத்துக்கு? குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே கணக்கா? கடனை மட்டும் சமமாகப் பங்கு போடுகிறவர்கள் சொத்தையும் அப்படிப் பங்கு போடச் சம்மதிப்பார்களா?

1956-ல் காமராஜ் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சோறு கிடைத்ததால் மாடு மேய்க்கப் போகாமல் பள்ளிக்கூடம் போனவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அந்தச் சோற்றை ஆக்கிப்போடும் பெண்களை முழு நேர சர்க்கார் ஊழியராக்க மட்டும் இன்றுவரை மனம் வரவில்லை.

வரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், வாய்க்கால் தூர் வார வேண்டும். அதற்கு வரியும் வேண்டும். யாரிடம் வாங்குவது என்பதுதான் வழக்கு. பெருஞ்சொத்துக்கும் வாரிசுச் சொத்துக்கும் மீண்டும் வரி போடு! செஸ், சர்சார்ஜில் ராஜ்யங்களுக்குப் பங்கு கொடு! உணவுப் பண்டங்களின் மேல் உள்ள வரியை எடு! மதுக்கடையை நம்பிப் பட்ஜெட் போடுவதை விடு!

தோழர்களே! டீக்கடையிலும் களத்துமேட்டிலும் இனி எவனாவது “இலவசம்” என்று ஏளனம் பேசினால், தலை குனியாதீர்கள். கடைச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள். இதோ நான் கட்டிய வரி, நீ கட்டியதைக் காட்டு என்று கேளுங்கள்!

இருப்பவனிடம் வசூல் செய்! உழைப்பவனுக்குச் செலவு செய்!