செஞ்சி வெயிலில் ஒரு கணப்படுப்பு

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊரில் வீடு கட்டும் நம் சகோதரர்கள் சிலரிடம் அண்மைக் காலமாக ஒரு விருப்பத்தைக் காண்கிறோம். வரவேற்பறை பழைய ஆங்கிலேயர் பாணியில் அமைய வேண்டுமாம். சுவரின் கீழ்ப்பாதிக்கு மரப்பலகை, மேற்பாதிக்குப் பூப்போட்ட சுவர்க்காகிதம், தரையைத் தொடும் கனத்த திரைச்சீலை, உட்கார்ந்தால் எழ முடியாத சோபா, நடுநாயகமாகச் சிமெண்டில் வார்த்து வெள்ளை பூசிய கணப்படுப்பு. சித்திரை வெயிலில் மண்டகப்பட்டுப் பாறையில் வெறுங்காலை வைக்க இயலாது. அந்த மண்ணில், ஒருநாளும் எரியப் போகாத அடுப்பைக் கூடத்தில் வைப்பானேன் என்று கேட்டால், "பார்வைக்கு அழகாக இருக்கிறதே" என்பதே விடையாக வருகிறது.

அழகோடு நமக்கு வழக்கில்லை. நல்ல ஆடை உடுத்த விரும்புவது பெருமையாகுமா என்று தோழர் ஒருவர் வினவியபோது, பெருமை என்பது அதுவன்று என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். வீட்டைத் துப்புரவாகவும் கண்ணுக்கு இனிதாகவும் வைத்திருப்பது மார்க்கம் விரும்பும் செயலே. நம் கேள்வி வேறு. எது அழகு என்பதை யாரைப் பார்த்து முடிவு செய்கிறோம்?

ஆங்கிலேயரைப் பார்த்து என்றால், அவர்களை ஒழுங்காகப் பார்த்தோமா என்பதே ஐயம். சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் நாட்டு வீட்டை அப்படியே இங்கே நட்டுவைக்கவில்லை. உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம், வாசலில் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி, தலைக்கு மேல் இழுவை விசிறி என்று வெயிலுக்கு அடங்கியே வாழ்ந்தார்கள். சுவருக்குக் காகிதம் தேடாமல், நம் கொத்தனார்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்துப் பளிங்குபோல் தேய்த்துக் கொடுத்த சாந்தைக் கண்டு வியந்தார்கள். ஐப்பசி அடைமழையில் காகிதம் உப்பிப் பூசணம் பிடிக்கும் என்பதும், செம்மண் நிலத்தில் மரப்பலகையின் முதுகுப்புறம் கரையானுக்கு விருந்தாகும் என்பதும் அவர்களுக்கு விரைவில் விளங்கியிருக்கும். நமக்குத்தான் விளங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயர் வீட்டின் அடையாளம் என்று நாம் எண்ணும் அந்தப் பூப்போட்ட துணி எங்கிருந்து சென்றது? நம் மூதாட்டியர் 'சீட்டி' என்று அழைத்த துணிதான் அது. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் தோய்த்து எழுதிய பருத்தித் துணி பதினேழாம் நூற்றாண்டில் கப்பலேறி இலண்டன் வீடுகளின் திரையாகவும் மெத்தை உறையாகவும் மாறியது. தம் பிழைப்பு கெடுகிறது என்று அந்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழ, 1700இலும் 1721இலும் சட்டமியற்றி அத்தகைய துணிகளைத் தடுக்க வேண்டியதாயிற்று. அத்தடை 1774 வரை நீடித்தது. தரைவிரிப்பின் கதையும் இதுவே. சுவர்க்காகிதக் கலையில் பேர்பெற்ற வில்லியம் மோரிஸ் பரிந்துரைக்க, இலண்டன் அருங்காட்சியகம் ஒன்று 1893இல் 2000 பவுன் கொடுத்து வாங்கியது ஈரானின் அர்தபீல் கம்பளத்தை. அதில் நெய்யப்பட்டிருக்கும் ஆண்டு ஹிஜ்ரி 946. முஸ்லிம் நெசவாளரின் கைவண்ணத்தைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொண்டதை, அவர்களுடையது என்று எண்ணி இன்று நாம் விலைகொடுத்து வாங்குகிறோம்!

அப்பாணியில் நமக்கு ஒவ்வாதவையும் உண்டு. கணப்படுப்பின் மேல்தட்டில் பீங்கான் நாய்ப் பொம்மைகள், சுவரில் மான் தலை, முன்னோர் உருவப்படம் என்பவை அவ்வறைக்கு உரிய பொருள்கள். உருவங்கள் தீட்டிய திரையொன்றைத் தம் இல்லத்தில் கண்டு நபிகளார் (ஸல்) முகம் மாறியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அதைக் கிழித்து அமரும் திண்டுகளாக்கிக் கொண்டதையும் நாம் அறிவோம். துணி வீணாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆயினும் நம் மனத்தை உறுத்துவது பொம்மையன்று, கடன். வீட்டின் சுவர் எழும்பும் வரை கைப்பணம் போதுமானதாக இருக்கிறது. அலங்காரத்துக்குத்தான் வட்டிக் கடன் வாங்கப்படுகிறது. மகளின் நிக்காஹுக்கு வரும் சம்பந்தி வீட்டார் கண்ணில் படவேண்டும் என்பதற்காக மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. பலகை பதித்த சுவரைப் பார்த்துப் பேசிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். தவணை போகாது.

செஞ்சிக் கோட்டைக்குள் 1717-18இல் பள்ளிவாசல் எழுப்பிய நவாப் சாதத்துல்லா கானின் ஆற்காட்டு ஆட்சி பின்னர் வேறு குடும்பத்தைச் சேர்ந்த முகம்மது அலி வாலாஜாவிடம் வந்தது. அவர் ஆற்காட்டை விட்டுச் சென்னைக் கோட்டையின் அருகிலேயே குடியேறி, 1768இல் சேப்பாக்கத்தில் மாளிகை கண்டார். டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் முதலிய பிரித்தானிய ஓவியர்கள் அவர் உருவத்தைத் தீட்டினார்கள். கடன் கொடுத்தவர்களும் கம்பெனியின் ஆங்கிலேயர்களே. அக்கடனில் போர்ச்செலவும் பெரும்பங்கு உண்டு, மாளிகையை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. எனினும் 1785இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசும் பொருளாகும் அளவுக்கு அது வளர்ந்தது. 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியே கம்பெனியின் கைக்கு மாறியது.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகையில் அவன் பொறித்த கல்வெட்டு பலரும் அறிந்ததே. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி எழுப்பினேன் என்பது அம்மன்னனின் பெருமிதம். அவன் வழிபாடு வேறு, நம் வழிபாடு வேறு. ஆனால் எதையெல்லாம் சேர்க்கவில்லை என்று ஒருவன் பெருமையோடு எழுதிவைத்த ஊருக்கு அருகில், எதையெல்லாம் சேர்த்தோம் என்று விருந்தாளிக்கு அறை அறையாகக் காட்டுகிறோம்.

அந்த விருந்தாளியும் நிம்மதியாக அமர்வதில்லை. தேநீர் சிந்திவிடுமோ என்று குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டு மூதாட்டி வாசலோடு நின்று பேசிவிட்டுத் திரும்புகிறார். முன்பு அவர் வந்து அமர்ந்த திண்ணை, வரவேற்பறையை அகலப்படுத்துவதற்காக இடிக்கப்பட்டுவிட்டது. புதிதாகக் கட்டுவோர் வரைபடத்தைக் கொத்தனாரிடம் கொடுக்கும்முன், கணப்படுப்புக்கு ஒதுக்கிய நான்கடி இடத்தை வெளியே தள்ளி ஒரு திண்ணையாக்கித் தருமாறு கேட்கலாம். காரைக்குக் கடன் தேவைப்படாது.