பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி மேனுவலா மாத்தப் போறீங்களா? கியர்பாக்ஸைக் கடைசியில் தொடுங்க

1/
இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எதுவும் இல்லை. கார் பற்றி ஒரு இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/
நான் இங்கிலாந்தில் மயக்க மருந்து மருத்துவராக வேலை பார்க்கிறேன். போன வாரம் எங்க மருத்துவமனைக்குப் புதுசா வந்த தம்பி, திருச்சிக்காரன், கேன்டீனில் போனை நீட்டினான்.
"அண்ணா, இத வாங்கலாமா?"
2004 பிஎம்டபிள்யூ எம்3. வெள்ளி நிறம். படத்தில் பளபளன்னு இருந்தது.

3/
"எஸ்எம்ஜி வண்டிண்ணா, அதான் விலை கம்மி. வாங்கிட்டு மேனுவலா மாத்திடலாம்னு இருக்கேன்."
அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஏன்னா நானும் இதே மாடலை இதே கணக்கோடு வாங்கியவன். மாற்றி, இன்னைக்கும் ஓட்டுகிறேன். நடுவில் ஒரு பெரிய தப்பும் செய்தேன்.

4/
என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்.
பழைய ஸ்போர்ட்ஸ் காரை மேனுவலாக மாற்றுவது பைத்தியக்காரத்தனம் கிடையாது. ஆனா வேலையைக் கியர்பாக்ஸில் இருந்து ஆரம்பிக்கிறது பைத்தியக்காரத்தனம்.

5/
தெரியாதவர்களுக்கு: இது இ46 தலைமுறை எம்3. 2000 முதல் 2006 வரை தயாரானது. 3.2 லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன். கிட்டத்தட்ட 8000 ஆர்பிஎம் வரை பாடிக்கிட்டே ஏறும் எஞ்சின்.
வாங்கும்போது இரண்டு வகை இருந்தது. ஆறு கியர் மேனுவல், அல்லது எஸ்எம்ஜி.

6/
எஸ்எம்ஜியை ஆட்டோமேட்டிக் என்று பலர் நினைக்கிறாங்க. இல்லை. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் இதில் கிடையாது.
உள்ளே இருப்பது அதே ஆறு கியர் மேனுவல் பாக்ஸ், அதே கிளட்ச். நம்ம காலும் கையும் செய்யும் வேலையை ஒரு ஹைட்ராலிக் பம்பும் கம்ப்யூட்டரும் செய்யும். அவ்வளவுதான் வித்தியாசம்.

7/
வேகமாக ஓட்டினால் 80 மில்லி விநாடியில் கியர் விழும். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனா டிராஃபிக்கில் மெதுவாகப் போனால் கிளட்ச் கத்துக்கிற பையன் மாதிரி குலுக்கும்.
வயசான எஸ்எம்ஜி வண்டிகளில் அந்தப் பம்ப் மக்கர் பண்ணுவது ஊரறிந்த கதை. சரிசெய்யச் செலவு அதிகம். அதனால்தான் மேனுவல் வண்டியைவிட இது குறைந்த விலைக்குப் போகுது. தம்பி கண்ணில் பட்டதும் அதனால்தான்.

8/
கியர்பாக்ஸ் ஏற்கெனவே மேனுவல் என்பதால் மாற்றுவது ஒப்பீட்டளவில் சுலபம்.
பம்பையும் அதைச் சேர்ந்த ஹைட்ராலிக் சாமான்களையும் கழற்றணும். கிளட்ச் பெடல், அதற்கு மாஸ்டர் சிலிண்டர், கீழே ஸ்லேவ் சிலிண்டர், கியர் லீவர், அதன் இணைப்புகள், பாக்ஸில் சில பாகங்கள் போடணும். ரிவர்ஸ் லைட் வயரிங் பார்க்கணும். கடைசியில் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு "நீ இனிமே மேனுவல்"னு சொல்லிக் கொடுக்கணும்.

9/
ஒரு எச்சரிக்கை. டார்க் கன்வர்ட்டர் உள்ள நிஜ ஆட்டோமேட்டிக் காரை மாற்றுவது வேற கதை. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாமே வெளியில் இருந்து வரணும். பின்னால் போகும் ஷாஃப்ட்டின் நீளம்கூட மாறலாம்.
எஸ்எம்ஜி வீடியோவைப் பார்த்துட்டு எந்த ஆட்டோமேட்டிக்கையும் இதே செலவில் மாற்றலாம்னு கணக்குப் போடாதீங்க.

10/
"எதுக்கு டாக்டர் இந்த வேலை? கம்ப்யூட்டர் உங்களைவிட வேகமா கியர் போடுமே?"
போடும். மறுக்கல.
எங்க அப்பாவோட அம்பாசடரில் ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியரில் நான் வண்டி கத்துக்கிட்டேன். முதல் தடவை குலுங்காமல் இரண்டாவது கியர் விழுந்ததும் அப்பா ஒண்ணும் சொல்லல, கையை மட்டும் கைப்பிடியில் இருந்து எடுத்தார். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கு. வேற நியாயம் எதுவும் என்கிட்ட இல்லை.

11/
இப்போ என் தப்பு.
2018 கோடையில் வண்டி வாங்கினேன். கையில் இருந்த பணத்தை முழுசா கியர்பாக்ஸ் மாற்றத்தில் கொட்டினேன். வேலை அருமையாக முடிந்தது. ஒரு மாதம் சொர்க்கம்.
டயரைப் பார்த்தேனா? பார்த்தேன். பட்டன் நல்லா ஆழமா இருந்தது. போதும்னு விட்டுட்டேன்.

12/
நவம்பர். ராத்திரி பதினோரு மணி. டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு. லேசான மழை.
தினமும் போகும் ரவுண்டானா. வேகமாகவும் போகல. மூன்றாவது கியரில் இருந்து இரண்டுக்கு இறக்கித் திருப்பினேன். வண்டி திரும்பல.
நேரா வழுக்கிக்கிட்டுப் போய், நடைபாதைக் கல்லில் முன்சக்கரம் மோதி நின்றது.

13/
எனக்கு ஒண்ணும் ஆகல. ரிம் வளைஞ்சது.
தலையைத் தூக்கிப் பார்த்தா, நாலடி தூரத்தில் பஸ் ஸ்டாப். உள்ளே ஒரு அம்மா, பள்ளிக்கூடப் பை மாதிரி ஒண்ணை நெஞ்சோடு அணைச்சுக்கிட்டு நிற்கிறாங்க. என்னைத் திட்டக்கூட இல்லை. "உனக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டாங்க.
அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கு.

14/
காலையில் டயரைக் கையால் தடவினேன். கட்டையா இருந்தது. பக்கவாட்டில் ஓவலுக்குள் நாலு எண்கள்: 3108.
அதாவது 2008ஆம் ஆண்டின் 31வது வாரம் தயாரானது. பத்து வயது. முந்தைய ஓனர் வண்டியை அதிகம் ஓட்டல, அதனால் பட்டன் தேயவே இல்லை. ரப்பர் மட்டும் வயசாகி இறுகிப்போச்சு. ஈரத்தில் பிடிக்க அதில் ஒண்ணும் மிச்சம் இல்லை.

15/
பட்டன் ஆழத்துக்குச் சட்டம் இருக்கு. இங்கே கார்களுக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர். என் டயர் அதில் தாராளமாகப் பாஸ்.
வயசுக்கு? 2021 பிப்ரவரி முதல் லாரி, பஸ்களின் முன்சக்கரங்களில் பத்து வருடம் தாண்டிய டயர் போடக்கூடாது. கார்களுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் அதை நாமதான் பார்த்துக்கணும்.

16/
என் தொழிலில் எந்த நோயாளியைப் பார்த்தாலும் நான் விடாமல் கேட்கும் கேள்வி, "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" அறுவை சிகிச்சை எவ்வளவு அழகா நடந்தாலும், வயிறு காலியா இல்லைன்னா மயக்கத்தில் ஆபத்து.
தினம் அதைக் கேட்கிற நான், வண்டிகிட்ட அந்த மாதிரி ஒரு கேள்விகூடக் கேட்கல. நேரா ஆபரேஷன் டேபிளில் ஏத்திட்டேன்.

17/
அதனால் தம்பிக்குச் சொன்ன வரிசை இது.
முதலில் சரித்திரம். இங்கே மூணு வருடம் தாண்டிய காருக்கு வருடாந்திர எம்ஓடி சோதனை உண்டு. நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் பழைய முடிவுகள் எல்லாம் அரசு இணையதளத்தில் இலவசம். ஓடிய தூரம், துரு, பிரேக், டயர் பற்றிய குறிப்புகள் வருடவாரியா வரும். வண்டியைப் பார்க்கப் போகும் முன் அதைப் படிங்க.

18/
இரண்டாவது, உடம்பு. இ46 வண்டிகளில் பின் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் வந்து சேரும் தரைத் தகடு விரிசல் விடலாம். அதை வெல்டு பண்ணிப் பலப்படுத்தணும். இதைப் பார்க்காமல் கியர் மாற்றுவது, இதயம் பார்க்காமல் மூட்டு மாற்றுவது மாதிரி.
வண்டியை லிஃப்டில் ஏத்த ஓனர் சம்மதிக்கலையா? நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

19/
மூன்றாவது, எஞ்சின். கனெக்டிங் ராடு பேரிங் பற்றிக் கேளுங்க. ஆரம்பகால வண்டிகளுக்கு நிறுவனமே திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்த பாகம் அது. மாற்றினதுக்கு பில் இருக்கா? வால்வு இடைவெளி எப்போ சரிபார்த்தாங்க?
"நல்லா ஓடுது சார்" என்பது பில் ஆகாது.

20/
நான்காவது, நிற்பதும் திரும்புவதும். டயர் தேதி, பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், வருடம் போகப்போகக் கொதிநிலை இறங்கும்.
இதில் மேனுவல் ஆசைக்காரர்களுக்கு ஒரு விஷயம். இந்த வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் போவது ஒரே டப்பாவில் இருந்து. கிளட்ச் வேலை செய்யும்போதே இரண்டையும் காற்று எடுத்துப் புது ஆயில் மாத்திடுங்க.

21/
ஐந்தாவதுதான் கியர்பாக்ஸ்.
பணத்தை மூணு பங்காகப் பிரிங்க. வண்டி வாங்க ஒண்ணு. மேலே சொன்னதுக்கு ஒண்ணு. கியர் மாற்ற ஒண்ணு. இரண்டாவது பங்கு இல்லைன்னா மூணாவதைத் தொடாதீங்க. எஸ்எம்ஜி வேலை செய்யுதுன்னா ஒரு வருடம் அப்படியே ஓட்டுங்க. ஒண்ணும் குறைஞ்சிடாது.

22/
வீட்டிலேயே செய்யப் போறவங்களுக்கு டாக்டரா ஒரு வார்த்தை.
ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. சமதளத்தில் நல்ல ஸ்டாண்ட் போடுங்க, அசைச்சுப் பாருங்க, வீட்டில் ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு அடியில் போங்க. நெஞ்சின் மேல் கார் இறங்கினால் மூச்சு விடவே முடியாது. எங்ககிட்ட கொண்டுவரும் வரைக்கும் நேரமும் இருக்காது.

23/
இங்கே இருக்கும் நம்ம ஊர் டாக்டர், நர்ஸ் சொந்தங்களுக்கு:
இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறி 12 மாதம்தான் ஓட்டலாம். பிறகு இங்கே டெஸ்ட் பாஸ் பண்ணணும். சுலபம்னு ஆட்டோமேட்டிக்கில் பாஸ் பண்ணியிருந்தா, லைசென்ஸ் பின்னால் 78 என்ற குறியீடு இருக்கும். நீங்க மாற்றி வைத்த மேனுவல் காரை நீங்களே ஓட்ட முடியாது!
இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட மாற்றத்தைச் சொல்லியே ஆகணும். மறைத்தால் விபத்தன்னைக்கு கையை விரிச்சிடுவாங்க.

24/
இந்தியாவில் செய்யலாமான்னு கேட்பீங்க. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆர்டிஓ ஆபீஸில் எழுத்தில் கேட்காமல் ஸ்பேனரை எடுக்காதீங்க.

25/
"மாற்றினால் விலை ஏறும், முதலீடு"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஏறலாம், இறங்கலாம். போட்ட காசு திரும்ப வரணும்னா வங்கியில் போடுங்க.
"ஒரிஜினலைக் கெடுக்கிறாங்க"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு: கழற்றிய எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வைங்க. என் பரணில் அந்தப் பம்ப் இன்னும் இருக்கு. அடுத்து வாங்குபவர் விருப்பப்பட்டா திரும்ப மாட்டிக்கலாம்.

26/
தம்பி கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வண்டியப் பார்க்கப் போறேன், வர்றீங்களா அண்ணா?"ன்னான்.
போறேன். டார்ச் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். முதலில் டயரில் அந்த நாலு எண்களைப் பார்ப்போம்.

27/
ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவங்களும் இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. மாருதியோ, இன்னோவாவோ, ஸ்கூட்டரோ, கீழே இறங்கி டயரில் அந்த நாலு எண்களைப் பாருங்க. ஸ்டெப்னியையும் விடாதீங்க. கடைசி இரண்டு எண்கள்தான் வருடம்.
என்ன வந்ததுன்னு கீழே சொல்லுங்க.